சலுகை இல்ல, சட்டம்

1578இல் தமிழ் எழுத்தில் புத்தகம் அச்சிட்ட அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த ஊர்னு புன்னைக்காயலைக் கொண்டாடுறோம். சரி. அங்கே ஒரு பிள்ளைக்குக் கை நடுங்கி எழுத வரலைன்னா? '40 சதவீதச் சான்றிதழ் கொண்டா' என்று நிறுத்தப் பார்ப்பார்கள். சாதிச் சான்றிதழுக்கு அலைந்த நமக்கு இந்த வாசல் புதுசில்ல.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும் தரச் சொல்கிறது. 40 சதவீதம் இல்லாவிட்டாலும் எழுதச் சிரமப்படுகிற மாற்றுத்திறனாளிக்கு அந்த உதவி உண்டு என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கையைக் கட்டிக்கிட்டு நிக்காதீங்க. மனு எழுதுங்க, ஒப்புகைச் சீட்டு வாங்குங்க. மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார். கேட்கிற பிள்ளைக்குப் பின்னால தெருவே நிக்கணும்.