ஏடு யாருடையது?



பிறந்த ஊரை விட்டு வந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளில் வங்கிக் கணக்குப் புத்தகம் ஒன்றேனும் இருக்கும். நாம் கட்டிய பணம் 'ஜமா' என்ற தலைப்பின் கீழும், எடுத்த பணம் 'நாமே' என்ற தலைப்பின் கீழும் இந்தியில் அச்சிடப்பட்டிருப்பதைப் பலரும் கண்டிருப்பீர்கள். தமிழில் முன்னதை வரவு என்கிறோம். பின்னதைப் பற்று என்கிறோம். ஆனால் கல்லூரியில் வணிகவியல் முதலாண்டில் சேர்ந்த பிள்ளை மாலையில் வீட்டுக்கு வந்து, "வங்கியில் பணம் கட்டினால், வங்கிக் கணக்கில் பற்று எழுத வேண்டும் என்கிறார் ஆசிரியர்" என்று சொன்னால் நாம் திகைத்துப் போகிறோம். வங்கி அச்சிட்டதும் சரி. ஆசிரியர் சொன்னதும் சரி. இரண்டும் எவ்வாறு சரியாகும்?

இந்தத் திகைப்பு எங்களுக்கும் நேர்ந்தது. நாங்கள் அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள். கலைப் பட்டம் பெற்றவர்கள். இலக்கணம் கற்றோமேயன்றிக் கணக்கியல் கற்றோமில்லை. ஒரு சமயம் கணக்குப் பயிற்சிக் கையேடு ஒன்று எங்கள் மேசைக்கு வந்தது. ரொக்கம் வந்தால் ரொக்கக் கணக்கில் பற்று எழுதுக என்று அதில் கண்டிருந்தது. வந்த பணம் எங்ஙனம் பற்றாகும் என்று கருதி, நாங்களாகவே அதைத் திருத்தி, வரவு என்று எழுதிவிட்டோம். நல்ல வேளையாக, அச்சுக்குப் போகுமுன் கணக்குப் பிரிவு அலுவலர் ஒருவர் அதைக் கண்டுபிடித்தார். அத்தியாயம் முழுவதும் தலைகீழாகியிருந்தது. நாற்பது வயதைக் கடந்த நாங்கள் மூவர் முதலாண்டுப் பாடநூலை வாங்கி, மாலை வேளைகளில் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

விடை நம் ஊர் மளிகைக் கடையிலேயே இருந்தது. கடனுக்குச் சாமான் வாங்குபவர், "என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்வார். கடைக்காரர் அவருடைய கணக்கில் பற்று எழுதுவார். அதாவது, அவர் பொருளைப் பெற்றுக்கொண்டார் என்று பொருள். மாதக் கடைசியில் அவர் பணம் கொடுத்தால், அவர் கணக்கில் வரவு வைப்பார். அவரிடமிருந்து வந்தது என்று பொருள். 'நாமே' என்ற இந்திச் சொல்லுக்கும் 'பேரில்' என்பதே கருத்து. ஆகவே, பெற்றவர் கணக்கில் பற்று; தந்தவர் கணக்கில் வரவு. இப்போது பணப்பெட்டியையும் ஓர் ஆளாக எண்ணிப் பாருங்கள். பணத்தைப் பெற்றது பெட்டி. எனவே ரொக்கக் கணக்கில் பற்று.

வங்கிப் புதிரும் இதனாலேயே விடுபடுகிறது. நம் கையில் உள்ள புத்தகம் வங்கியின் ஏட்டுக்கு நகல். வங்கியின் நோக்கில், பணம் தந்தவர் நாம். ஆதலால் நமக்கு வரவு. நம் சொந்த ஏட்டில், பணம் பெற்றது வங்கி. ஆதலால் வங்கிக்குப் பற்று. ஏடு யாருடையது என்று முதலில் கேட்டுக்கொண்டால் மயக்கம் தீர்ந்துவிடும். லூக்கா பாச்சோலி என்னும் துறவி 1494-ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சிட்ட கணித நூலில் விளக்கிய இரட்டைப் பதிவு முறை இதுவே. அதை அவர் புதிதாகப் படைக்கவில்லை. அந்நகர வணிகர் கையாண்டதையே எழுதிவைத்தார்.

அடுத்து, நிறுமக் கணக்கியல் என்னும் கம்பெனிக் கணக்கைப் பார்ப்போம். ஐந்தொகையில் பங்கு முதலைச் சொத்துகளின் பக்கம் எழுதாமல், பொறுப்புகளின் பக்கம் எழுதுகிறார்கள். உரிமையாளர் போட்ட பணம் எப்படிப் பொறுப்பாகும் என்று மாணவர் கேட்பார். இங்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்: ஏடு யாருடையது? அது கம்பெனியின் ஏடு. கம்பெனி வேறு, பங்குதாரர் வேறு. லண்டனில் காலணித் தொழில் நடத்திய சாலமன் என்பவரின் வழக்கில், 1896-இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை இதனை உறுதிப்படுத்தியது. கம்பெனிக்கு முதல் தந்தவர் பங்குதாரர், தந்தவருக்கு வரவு. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, கணக்கேடுகள் இரட்டைப் பதிவு முறையிலேயே வைக்கப்பட வேண்டும் என்று விதிக்கிறது. இக்கணக்கு வெளியாருக்குச் சொல்லும் கணக்கு. சிறுசேமிப்பைப் பங்கில் இட்ட குடும்பமும், கடன் கொடுத்த வங்கியும் இதையே நம்பியிருக்கின்றன. இது பொய்த்தால் என்ன நேரும் என்பதை 2009 ஜனவரியில் கண்டோம். சத்யம் கம்பெனியின் ஏட்டில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று அதன் தலைவரே எழுதிக் கொடுத்தார். பற்றும் வரவும் ஏட்டில் சமமாக நிற்பது மட்டும் போதாது; பெட்டியைத் திறந்து பார்ப்பவரும் வேண்டும்.

மூன்றாவது, மேலாண்மைக் கணக்கியல். இது வெளியாருக்கு அன்று. தொழிலை நடத்துபவர் தமக்குத் தாமே எழுதிக்கொள்ளும் கணக்கு. கரோல் பாகில் நம்மவர் ஒருவர் மெஸ் நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சாப்பாட்டின் விலை ரூ. 80. அரிசி, காய்கறி, எரிவாயு முதலிய மாறும் செலவு ரூ. 50. வாடகையும் சம்பளமும் ஆகிய நிலையான செலவு மாதம் ரூ. 45,000. சாப்பாட்டுக்கு ரூ. 30 மிஞ்சுவதால், 1,500 சாப்பாடு விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. அவர் விற்பதோ 2,000. அப்போது ஒரு சாப்பாட்டின் முழு அடக்கம் ரூ. 72.50 ஆகிறது.

இந்நிலையில் ஓர் அலுவலகம், மாதம் 400 சாப்பாடு ரூ. 65 வீதம் கேட்கிறது. அடக்கத்துக்கும் குறைவு என்று அவர் மறுத்துவிடலாம். ஆனால் வாடகையும் சம்பளமும் இந்த 400-ஆல் கூடப் போவதில்லை. அடுப்பும் ஆட்களும் ஓய்ந்திருக்கும் வேளையில் சமைக்க முடியுமானால், சாப்பாட்டுக்கு ரூ. 15 வீதம் ரூ. 6,000 மிகுதியாகக் கிடைக்கும். மாறாக, அதற்காக வழக்கமாக வருவோரைத் திருப்பி அனுப்ப நேருமானால், 30 ரூபாயை விட்டு 15 ரூபாயைப் பெறுவதாக முடியும். வழக்கமாக வருவோரும் 65 ரூபாய்க்கே கேட்டு, அவர் இசைந்துவிட்டால், 2,000 சாப்பாட்டில் ரூ. 30,000 மட்டுமே மிஞ்சும். வாடகைக்கும் சம்பளத்துக்கும் ரூ. 15,000 துண்டு விழும். ஒரே ஆணைதான், சூழ்நிலையை ஒட்டி விடை மாறுகிறது. இதை எண்ணிப் பார்க்கக் கற்பிப்பதே மேலாண்மைக் கணக்கியல். ஊரைவிட்டு வந்து, கையிருப்பையெல்லாம் இட்டு, அயலூரில் கடை வைத்தவருக்கு இது தேர்வுப் பாடம் மட்டுமன்று. கடை நிலைக்குமா, பூட்டப்படுமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது.

கற்க விரும்புவோருக்கு எங்கள் அனுபவத்திலிருந்து மூன்று சொற்கள். விதிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு பதிவிலும் பெற்றவர் யார், தந்தவர் யார் என்று கேளுங்கள். ஒரு மாதம் வீட்டுக் கணக்கை இரட்டைப் பதிவில் கையால் எழுதிப் பாருங்கள். பொதுமக்களிடம் பங்கு விற்ற கம்பெனிகள் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகின்றன. அவற்றுள் ஒன்றை எடுத்து, ஐந்தொகையை வரி வரியாகப் படியுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை நாளை மீண்டும் அதே ஐயத்தோடு வந்தால், "எனக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். வங்கிப் புத்தகத்தை எடுத்து அருகில் வைத்துக்கொண்டு, "இந்த ஏடு யாருடையது, சொல் பார்ப்போம்" என்று கேளுங்கள். மீதியை அந்தப் பிள்ளையே சொல்லிவிடும்.