வேத ஒலியும் மேலைப் பல்லியமும்



கொட்டாஞ்சேனையில் நான் அறிந்த ஓர் இல்லத்தில் சகோதரிகள் இருவர் வயலின் பயில்கின்றனர். மூத்தவள் நின்றவாறு வாத்தியத்தைத் தோளில் ஏந்தி லண்டன் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்கிறாள். இளையவள் பாயில் அமர்ந்து, அதன் தலையை வலப்பாதத்தில் ஊன்றி, வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைக்கு வர்ணம் பழகுகிறாள். கருவி ஒன்றே, ஆயினும் ஒருத்தி வாசிப்பது மற்றவளுக்குக் கைவராது. இவ்விரு மரபையும் ஒரே மேடையில் அமர்த்த முயன்ற ஓர் ஆக்கத்தைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன்.

அதனை ஆக்கியவர் டாக்டர் எல். சுப்பிரமணியம். 1947இல் பிறந்த அவருடைய இளமை யாழ்ப்பாணத்திற் கழிந்தது. தந்தையார் வி. லட்சுமிநாராயணர் அங்கு இசைப் பேராசிரியராய் விளங்கினார். பக்கவாத்தியமாய் ஒதுங்கியிருந்த வயலினைத் தனித்துப் பேசவைக்க வேண்டுமென்பது அவர் வேட்கை. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அக்குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. நம் தீவு அன்று இழந்தவற்றின் கணக்கில் இதனையும் எழுதிக்கொள்ளத்தான் வேண்டும்.

மைந்தர் சென்னையில் மருத்துவம் கற்றார். பின்னர் கலிபோர்ணியாவில் மேலை இசையில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1983இல் வயலினுக்கும் புல்லாங்குழலுக்குமாக ஓர் இரட்டைக் கொன்சேர்ட்டோ இயற்றினார். 1985இல் வேத ஓதலை அடியொற்றிய அவருடைய 'ஃபாண்டசி' என்னும் ஆக்கத்தை, சுபின் மேத்தாவின் நெறியாள்கையில், நியூயோர்க் பில்ஹார்மோனிக் பல்லியம் அவருடன் இசைத்தது.

கொன்சேர்ட்டோ என்பது தனி வாத்தியமொன்றும் பல்லியமும் நிகழ்த்தும் உரையாடல். அங்கே பல குரல்கள் ஒரே கணத்தில் அடுக்கடுக்காய் ஒலிக்கும். நமது இராகமோ சுருதியின் மேல் ஒற்றைக் கொடியாய்ப் படர்வது. தோடியின் காந்தாரத்தை எண்ணிப் பாருங்கள். அது ஓரிடத்தில் நில்லாது. அசைவே அதன் உயிர். அதனை ஐந்து கோடுகளில் எவ்வாறு எழுதுவது? எழுதினாலும், அதன் கீழ் எந்தச் சுரக்கூட்டை வைப்பது?

வேத ஓதலோ அனுதாத்தம், உதாத்தம், சுவரிதம் என்னும் மூன்று நிலைகளிலேயே நடப்பது. குறுகிய எல்லையும் நேரான நடையும் உடைய அதனைப் பல்லியம் எளிதில் தாங்கும். எனவே இத்தெரிவு மிகக் கூரியது என்பேன். பல்லியத்தார் எழுதியதை வாசிக்க, தனி வயலினுக்கு மனோதர்மத்துக்கான இடம் கிடைக்கிறது. குறையில்லையா? உண்டு. பல்லியம் முழுவதும் ஒருங்கே எழும்போது, என் செவிக்குக் கமகத்தின் நுட்பம் அமிழ்ந்துவிடுகிறது. அது அடங்கி, தந்திவாத்தியங்கள் சுருதிபோல் நீண்டொலிக்கும் வேளையிலேதான் யாழ்ப்பாணத்து வீட்டில் தந்தையார் கற்பித்த கை கேட்கிறது.

ஒருநாள் அச்சகோதரிகளுக்கு இவ்விசையைக் கேட்கச் செய்தேன். மூத்தவள் விரல்களால் மாத்திரை எண்ணத் தொடங்கினாள்.

"இவரும் நின்றுகொண்டா வாசிக்கிறார், சேர்?" என்றாள் இளையவள்.

"இல்லைப் பிள்ளை. பல்லியத்தார் நாற்காலிகளில் இருப்பார்கள், இவர் நடுவில் சம்மணமிட்டே இருப்பார்" என்றேன்.

அவள் தமக்கையைத் திரும்பிப் பார்த்தாள்.