முதுமையும் மறதியும்
(பண்பொழியில் முதியோரிடையே நிகழ்த்திய உரை)



திருமலைக்கோயிலுக்கு நூறு முறை படியேறியவர், ஒரு நாள் கீழே இறங்கித் தம் வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால், "வயதாகிவிட்டது" என்று சொல்லி நாம் அமைந்துவிடுகிறோம். அது பிழை. ஒருவர் பெயர் சற்றுத் தாமதித்து நினைவுக்கு வருவது முதுமை. பழகிய தெருவே மறந்துபோவது நோய்க்குறி.

நம் நாட்டில் அறுபது வயது கடந்தோருள் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் மறதி நோய் உண்டென 2023-இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. கிராமத்தாரிடமும் பெண்களிடமும் எழுத்தறியாதோரிடமும் அது மிகுதி. ஆனால் அதைக் கண்டறிவதிலே ஒரு சிக்கல். "ஒரு வாக்கியம் எழுதுக" என்பது வழக்கமான சோதனைகளுள் ஒன்று. பள்ளி வாசலையே மிதியாத பாட்டி அதில் தோற்றால் நோயென்று கொள்வதா? நடவுக் காலம் எது, அடுத்து வருவது திருவிழாவா நோன்பு மாதமா என்று அவரவர் வாழ்விலிருந்தே வினவுதல் வேண்டும். வீட்டாரையும் விசாரித்தல் வேண்டும்.

இருமொழி பேசுவோரிடம் இந்நோய் ஏறத்தாழ 4½ ஆண்டுகள் பிந்தித் தோன்றியதை ஐதராபாத் மருத்துவர்கள் 2013-இல் எடுத்துக் காட்டினார்கள், எழுத்தறியாதோரிடமும் அவ்வாறே. மலையாளமும் அறிந்த எல்லைப்புற முதியோருக்கு இது நற்செய்தி. (பேசுவதற்கு ஆள் வேண்டுமே!) காது மந்தமானவரை நாம் திண்ணையில் தனியே விட்டுவிடுகிறோம். கேளாமை, தனிமை, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை யாவும் மறதி நோய்க்கு வழிவிடுவன.

தைராய்டுக் குறையாலும், பி12 சத்துக் குறையாலும் வரும் மறதி மருந்தால் குறையக்கூடும். ஆகவே, இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்கச் செல்லும்போது, தாத்தாவின் மறதியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.