சொன்னதைக் கேள்!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"சொன்னா கேளு" என்று அம்மா சொன்னால், காதில் வாங்கினால் போதும் என்று எந்தப் பிள்ளையும் நினைப்பதில்லை. செய்ய வேண்டும் என்பதுதான் பொருள். கேட்பதும் கீழ்ப்படிவதும் தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. எபிரெய மொழியின் 'ஷெமா' என்ற சொல்லும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நாம் கேட்கும் பிரசங்கத்துக்குக் குறைவில்லை. திங்கட்கிழமை அது எங்கே போகிறது?

1890களில் திண்டிவனத்தில் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க இளம்பெண் இருந்தார். நோயுற்ற தாயாருக்கு உதவ வந்தவர். மிஷனரியாகும் எண்ணமே இல்லாதவர். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. ஐடாவின் தகப்பனார் டாக்டர்தான். ஆனால் ஆண் மருத்துவர் வேண்டாம் என்றார்கள். மூன்று தாய்மாரும் இறந்துபோனார்கள். அந்தத் தட்டல்களில் ஆண்டவரின் அழைப்பைக் கேட்டார் ஐடா. அமெரிக்காவில் மருத்துவம் படித்து, 1899-ல் பட்டம் பெற்று, 1900-ல் திரும்பி வந்தார். 1918-ல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆனது.

நான் சிவில் இன்ஜினியர். எனக்கு வானத்திலிருந்து குரல் கேட்டதில்லை. ஒரு கட்டட வேலையில் 28-ஆம் நாள் கியூப் டெஸ்ட்டில் கான்கிரீட்டின் பலம் குறைவாக வந்தது. "எல்லாரும் போடுறதுதான் சார், நீங்களும் கையெழுத்துப் போட்டுடுங்க" என்றார்கள். வீட்டுக் கடன், கைக்குழந்தை எல்லாம் கண்முன் வந்தன. இரவு ஜெபித்தேன். புதிதாக ஒரு பதிலும் வரவில்லை. ஏற்கனவே தெரிந்த பதில்தான் இருந்தது. அந்தக் கூரையின் கீழே நாளைக்குப் பிள்ளைகள் படுத்துத் தூங்குவார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை.

தூண்களை இடித்துத் திரும்பக் கட்டினார்கள். மூன்று மாதத்தில் என் வேலை போயிற்று. அடுத்த வேலை கிடைக்கும்வரை ஏழு மாதம், என் மனைவியின் சம்பளத்தில் வீடு ஓடியது. கீழ்ப்படிந்தால் உடனே ஆசீர்வாதம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

இயேசு சொன்ன உவமையில் இரண்டு பேர் வீடு கட்டுகிறார்கள். இரண்டு பேருமே அவர் வார்த்தையைக் கேட்டவர்கள்தான். செய்தவனுடைய வீடுதான் வெள்ளத்தில் நின்றது. தம்பி தங்கைகளே, உங்கள் முன்னும் ஒருநாள் ஒரு தாளை நீட்டுவார்கள். பேனாவைத் திறக்குமுன் கொஞ்சம் கேளுங்கள். கேட்டபடி செய்யுங்கள்.