ஒன்றைப் பரணில் ஏற்றாதீர்கள்
(கிளையின் ஆண்டு விழாவில் மூத்த அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை)



“பலதும் தெரிந்தால்தான் பிழைக்கலாம்” என்கிறோம். சர் சி.வி. ராமன் 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். ஆனால் ஆபீசுக்கு முன்னும் பின்னும் பௌபஜார் ஆராய்ச்சிக்கூடத்தில் பௌதிகம்தான். 1917-ல் அதிகச் சம்பளத்தை விட்டுப் பேராசிரியரானார்; 1930-ல் நோபல் பரிசு. பிடித்தது ஒன்றே, மிருதங்கத்தின் நாதமும் கடலின் நீலமும் அதற்குள் அடங்கின.

அடியேனும் கணக்கு இலாகாதான், 34 வருஷம். “அப்புறம் பார்க்கலாம்” என்று வயலினைப் பரணில் வைத்தேன். ரிடையரானதும் எடுத்தால் விரல் வளையவில்லை.

குழந்தைகளே, உத்தியோகத்துக்காகப் பலதும் கற்றுக்கொள்ளுங்கள், தப்பில்லை. மனசுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் தினமும் தொடுங்கள், பரணில் ஏற்றிவிடாதீர்கள்.