நெடுந்தூர ஓட்டம்

(நமது சங்கத்தின் கரியமாணிக்கம் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



என்னை இன்று பேசும்படி பணித்த காரியதரிசி அவர்கள், "தேகப்பயிற்சியைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள், நீங்கள்தாம் ஓடுகிறவராயிற்றே" என்றார்கள். புணர்ச்சி விதிகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும். ஓட்டத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால், ஓராண்டாக யான் மறைத்துவைத்திருக்கும் ஒன்றையும் உடன் பேசவேண்டியவனாகிறேன். அதனை உரிய இடத்திற் சொல்லுவேன்.

எனக்கு வயது நாற்பத்தாறு. நாற்பத்தொன்றாம் வயதில், வகுப்பிற் கரும்பலகைக்கு முன் நின்றுகொண்டிருக்கையில் தலைசுற்றி நாற்காலியிற் சாய்ந்தேன். வைத்தியர் இரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை நோய் தொடங்கிவிட்டதென்றார். என் தந்தையார்க்கும் அந்நோயே. இறுதியில் அவருக்கு ஒரு காலை எடுக்க நேர்ந்தது உங்களிற் பலர் அறிந்தது. ஆதலின், "நாள்தோறும் நடவுங்கள்" என்று வைத்தியர் சொன்னபோது அஃது எனக்கு ஓர் ஆணையாகவே பட்டது. கால் உள்ளபோதே அதனை உபயோகித்துக்கொள்வோம் என்னும் அச்சத்தினாலேயே நடந்தேன். சில மாதங்களில் அந்நடை ஓட்டமாயிற்று. மருந்தை விட்டுவிட்டீரோ எனச் சிலர் கேட்கிறார்கள். விடவில்லை; வைத்தியர் அளவைக் குறைத்தார், அவ்வளவே. நோயுள்ளவர் ஓடும்போது சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கமும் வரலாமாகையால், சட்டைப்பையிற் கற்கண்டு இன்றி யான் வீட்டைவிட்டுப் புறப்படுவதில்லை.

முதல் நாள் வீட்டிலிருந்து தெருக்கோடி மின்கம்பம் வரையே ஓட முடிந்தது. மூச்சு வாங்கக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் ஊற்றப் போய்க்கொண்டிருந்த அம்மையார் ஒருவர், "ஏன் சாமி, பஸ்ஸைத் தவற விட்டுட்டீங்களா?" என்று இரக்கத்தோடு கேட்டார். மற்றொரு நாள் நம் உறவினர் ஒருவர் மோட்டார் சைக்கிளைப் பக்கத்திற் கொணர்ந்து நிறுத்தி, "ஏறுங்க மாமா, எங்கே போகணுமோ இறக்கி விடுறேன்" என்றார். ஓரிடத்துக்கும் போகவில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. வீட்டில் ஏதோ தகராறு என்று கருதிச் சிறிது தூரம் பின்னாலேயே வந்தார். நாய்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் கூட்டம் இன்று முடியாது.

நம்மூர் ஓடுதற்கு ஏற்ற ஊரென்றே சொல்லுவேன். கரியமாணிக்கம் என்பது திருமாலுக்கு வழங்கும் திருப்பெயர்களுள் ஒன்று. அப்பெயர் கொண்ட ஊரில் மார்கழி விடியலில், பனி படிந்த கரும்புத் தோட்டங்களின் நடுவே, கோயில் ஒலிபெருக்கியின் பாட்டு தொலைவிலிருந்து வர, நெட்டப்பாக்கம் நோக்கி ஓடுவது ஒரு பாக்கியம். மேலும் சிறிது தூரம் ஓடினால் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும். மீண்டும் புதுச்சேரி வரும். பிரெஞ்சுக்காரர் விட்டுச்சென்ற எல்லை அப்படித் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. 1954க்கு முன்னரானால் ஒரே காலைப்பொழுதில் இரண்டு தேசங்களுக்குள் ஓடித் திரும்பியவனாகியிருப்பேன்! இப்போதோ எல்லை மாறுவதை எனக்கு அறிவிப்பன மதுக்கடைகளே.

இது நிற்க. மராத்தான் என்னும் பெயர் எங்கிருந்து வந்ததென்று மாணவர்கள் கேட்பதுண்டு. மராத்தான் என்பது கிரேக்க நாட்டில் ஓர் ஊர். கி.மு. 490இல் அங்கே ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகப் படையை வென்றனர். வெற்றிச் செய்தியைச் சுமந்து ஒரு வீரன் ஏதென்ஸுக்கு ஓடிவந்து, செய்தியைச் சொல்லி உயிர் துறந்தான் என்பது கதை. ஆயின் அப்போருக்கு அணித்தான காலத்தவராகிய எரொடோட்டஸ் என்னும் சரித்திராசிரியர் இதனைச் சொல்லவில்லை. போருக்கு முன்னர்த் துணை வேண்டி ஸ்பார்ட்டாவுக்கு ஏறக்குறைய 240 கிலோமீட்டர் ஓடிய பிலிப்பைட்ஸ் என்னும் தூதனையே அவர் கூறுகிறார். உயிர் துறந்த கதை பல நூற்றாண்டுகள் கழிந்தே எழுதப்பட்டது. உண்மை ஓட்டம் பெரிதாயிருக்க, இறந்த கதையே உலகில் நிலைத்தது.

1896இல் ஏதென்ஸில் புதிய ஒலிம்பிக் தொடங்கியபோது, அக்கதையை நினைவுகூர்ந்து சுமார் 40 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று வைத்தனர். வென்றவர் ஸ்பிரிடோன் லூயிஸ் என்பவர். தண்ணீர் சுமந்து பிழைத்தவர். 1908இல் இலண்டன் ஒலிம்பிக்கில் தூரம் 42 கிலோமீட்டர் 195 மீட்டர் ஆயிற்று. 1921இல் அதுவே எங்கும் உரிய அளவென்று விதிக்கப்பட்டது. அந்த இலண்டன் ஓட்டத்திலேதான் என் மனத்தை விட்டு நீங்காத நிகழ்ச்சி ஒன்று நடந்தது. தொராண்டோ பியெத்ரி என்னும் இத்தாலியர் முதலாவதாக அரங்கினுள் நுழைந்தார், ஆனால் அறிவு மயங்கித் தவறான திசையில் திரும்பினார், பலமுறை விழுந்தார். அதிகாரிகள் இரக்கங்கொண்டு தாங்கி எழுப்பி எல்லைக்கோட்டைக் கடக்கச் செய்தனர். பிறர் உதவி பெற்றமையால் அவர் வெற்றி செல்லாதென்று தீர்ப்பாயிற்று. மறுநாள் அரசியார் அலெக்சாண்ட்ரா அவருக்கு ஒரு கிண்ணம் பரிசளித்தார். அவருடைய ஓட்டத்தை உலகம் புகழ்ந்தது. எனினும் கணக்கேட்டில் வெற்றி மற்றவருக்கே எழுதப்பட்டது. இவ்விரண்டையும் வேறுவேறாக வைத்த அந்த நேர்மையை நினைக்குந்தோறும் எனக்கு உள்ளம் குறுகுகிறது. காரணம் பின்னர் விளங்கும்.

நம் தேசத்தாரும் இதிற் பின்தங்கியவரல்லர். 1920இல் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் பதேப்பா சௌகுலே என்பவர் மராத்தான் ஓடிப் பத்தொன்பதாவதாக வந்தார். பீகார் மாகாணத்துச் சிப்பாய் சிவநாத் சிங் 1976இல் மொன்றியால் ஒலிம்பிக்கிற் பதினோராவதாக வந்து, 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் ஓடி முடித்தார். அக்கணக்கு இந்தியாவில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முறியடிக்கப்படாமல் நின்றது. விலையுயர்ந்த காலணி வாங்கித் தந்தாலொழிய ஓடமாட்டேன் என்னும் நம் பிள்ளைகள் கேட்க: அவர் வெறுங்காலால் ஓடிப் பழகியவர்.

பெண்மக்கள் கதை வேறு. அவர்கள் உடல் தாங்காது என்று ஆடவரே முடிவு கட்டி, ஒலிம்பிக் மராத்தானில் அவர்களை 1984 வரை விடவில்லை. 1967இல் பாஸ்டன் நகரத்து ஓட்டத்தில் காத்ரின் சுவிட்சர் என்னும் பெண் ஓடிக்கொண்டிருக்கையில், அதிகாரி ஒருவரே பாய்ந்து அவரைப் பிடித்திழுக்க முயன்றார். அவர் ஓடி முடித்தார். என் மகள் என்னுடன் காலையில் ஓடுவதைப் பற்றி நம் பெரியவர்களிற் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களிடம் எனக்குள்ள மரியாதை குறையாது; அவள் ஓடுவதும் நிற்காது. அவள் என்னினும் விரைந்து ஓடுகிறாள் என்பதே எங்கள் வீட்டில் உள்ள ஒரே முறையீடு.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். முதலிற் புதுச்சேரியில் 10 கிலோமீட்டர் ஓடினேன். பின்னர் ஆரோவில் மராத்தானில் அரைத் தூரம், அஃதாவது 21 கிலோமீட்டர் ஓடினேன். 2008இல் தொடங்கிய அவ்வோட்டம் மற்றவற்றினும் வேறானது. செம்மண் தடங்களில், மரங்களின் நிழலில் ஓடவேண்டும். முதல்வர், இரண்டாமவர் என்பதில்லை, பரிசில்லை, நேரக் கணக்கும் இல்லை. ஓடுவதன் மகிழ்ச்சிக்காகவே ஓட்டம் என்பது அவர்கள் கொள்கை. கைக்கடிகாரத்தைப் பார்த்து யானே கணக்கிட்டுக்கொண்டேன்: 2 மணி 20 நிமிஷம். அங்கே இன்புற்று ஓடிவிட்டு வந்தவன் அதோடு நின்றிருக்கலாம். முழு மராத்தான் ஓடினோமென்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்னும் ஆசை பிடித்தது.

சென்னை மராத்தானுக்குப் பெயர் கொடுத்தேன். பதினாறு வாரம் பயிற்சி. ஞாயிறுதோறும் தூரத்தை மெல்லக் கூட்டி 30 கிலோமீட்டர் வரை ஓடினேன். மகள் சைக்கிளில் தண்ணீர்ப் புட்டியோடு உடன் வந்தாள். அவ்வோட்டத்துக்கு இரு நாள் முன்பு நம் சங்கத்தார் எனக்கு வாழ்த்துக் கூறி அனுப்பினீர்கள்.

விடியுமுன் 4 மணிக்கு நேப்பியர் பாலத்தருகே ஓட்டம் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோர் சூழ நிற்கையில் மனிதனுக்குத் தன் அளவு மறந்துபோகிறது. கிலோமீட்டருக்கு 7 நிமிஷம் என்று தீர்மானித்துச் சென்றவன் 6 நிமிஷத்தில் ஓடினேன். 10 கிலோமீட்டர் ஒரு மணியில் கடந்தது. பாதித் தூரம் 2 மணி 12 நிமிஷம், ஆரோவிலினும் விரைவு! கர்வத்தோடு இளைஞர் சிலரை முந்தினேன்.

இவ்விடத்தில் உடலின் கணக்கு ஒன்று சொல்லவேண்டும். ஓடுவோனுக்கு உடற்பாரத்தில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவாகும். என் பாரம் 68 கிலோ. ஆகவே 42 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2850 கலோரி வேண்டும். தசையிலும் ஈரலிலும் நாம் சேமித்துவைக்கும் சர்க்கரையோ சுமார் 2000 கலோரி அளவினதே. கொழுப்பும் எரியும், ஆனால் அது மெதுவாக எரிவது. விரைந்து ஓடினால் உடல் சர்க்கரையையே அதிகம் செலவழிக்கும். ஆதலின் முதலில் அவசரப்பட்டவன் 30 கிலோமீட்டரை அடுத்துக் கையில் காசில்லாத சம்சாரி போலாகிறான். ஓட்டக்காரர்கள் இதனைச் "சுவரில் மோதுதல்" என்பர். தண்ணீரை மட்டும் குடம் குடமாய்க் குடித்தாலும் ஆபத்தே. 2002இல் பாஸ்டன் ஓட்டத்தில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்ததில், நூற்றுக்குப் பதின்மூவருக்கு உப்பு அளவு தாழ்ந்திருந்ததாம். அளவுக்கு மிஞ்சிக் குடித்ததே அதன் முக்கிய காரணம்.

இவையெல்லாம் புத்தகத்திற் படித்திருந்தேன். 31ஆம் கிலோமீட்டரில் தசையாலும் படித்தேன். கெண்டைக்கால் கட்டிக்கொண்டது. நடந்தேன், ஓடினேன், மீண்டும் நடந்தேன். வெயில் ஏறிற்று. யான் முந்திய இளைஞர்கள் என்னைக் கடந்து சென்றனர். முடியெல்லாம் நரைத்த அம்மையார் ஒருவர் சிறு சிறு அடிவைத்து ஓடிவந்தவர், நின்று, தம் பையிலிருந்து உப்பிட்ட ஆரஞ்சுச் சுளை இரண்டை என் கையில் வைத்து, "மெதுவா வாங்க தம்பி, நேரம் இருக்கு" என்று சொல்லிப் போனார். 35ஆம் கிலோமீட்டர்ப் பலகையைக் கண்டேன். ஆங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். தந்தையாரின் கால் நினைவுக்கு வந்தது. எழுந்திருக்க முடிந்திருக்குமோ, முடிந்திராதோ, இன்றும் எனக்குத் தெரியாது. எழுந்திருக்க யான் முயலவில்லை என்பதே தெரியும். தொண்டர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டார்கள். எல்லைக்கோட்டை யான் வண்டியின் ஜன்னல் வழியாகவே பார்த்தேன்.

ஊருக்குத் திரும்பினேன். பேருந்தை விட்டிறங்கியதும் நம்மவர் ஒருவர், "ஓடியாச்சா ஐயா?" என்று கேட்டார். "ஓடியாச்சு" என்றேன். இலக்கணப்படி அது பொய்யன்று. ஓடினேன், தூரத்தைத்தான் சொல்லாது விட்டேன். தமிழ்ப் பண்டிதனுக்கு இத்தகைய வசதிகள் உண்டு. அந்தச் சொல் ஒரு வாயிலிருந்து மற்றொரு வாய்க்குச் சென்று, அடுத்த மாதம் இதே சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. நமது மாத இதழில், "நம்மவர் ஒருவர் சென்னையில் 42 கிலோமீட்டர் ஓடி முடித்தார்" என்று அச்சாயிற்று. அதை வாசித்தபோதாவது வாய் திறந்திருக்கலாம். இதழை மடித்து அலமாரியில் வைத்தேன்.

ஓடி முடித்தவர் எல்லார்க்கும் அவ்வோட்டங்களில் ஒரு பதக்கம் அளிப்பது வழக்கம். என் மகள் மட்டும், "பதக்கம் எங்கே அப்பா?" என்று கேட்டாள். கேட்டவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி கேட்கவில்லை. பள்ளியில் விடையைப் பார்த்தெழுதிய மாணவன் ஒருவனைச் சில வாரங்களுக்கு முன் யான் கண்டித்துக்கொண்டிருக்கையில், எட்டாம் வகுப்பினர் வரிசையில் அவளும் உட்கார்ந்திருந்தாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரியதரிசி அவர்கள் மறுநாளே வந்து பேசச் சொன்னது தற்செயலே, ஆயினும் ஒப்புக்கொண்டேன்.

பொன்னாடையைக் கொணர்ந்திருக்கிறேன்; இதோ, தலைவர் அவர்கள் மேஜைமேல் வைக்கிறேன். அதனை என்ன செய்வதென்று சங்கத்தார் முடிவு செய்க. வருகிற ஜனவரியில் மறுபடியும் சென்னைக்குப் பெயர் கொடுக்கப்போகிறேன். கிலோமீட்டருக்கு 7 நிமிஷத்துக்குக் குறைய ஓடுவதில்லையென்று மகளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடிப்பேனென்று சொல்லமாட்டேன். இதழாசிரியர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: சென்ற ஆண்டு அச்சிட்ட செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிடவேண்டுகிறேன். அதிக இடம் வேண்டாம். 42 என்பதனை 35 என்று மாற்றி, "முடித்தார்" என்னும் சொல்லை எடுத்துவிட்டாற் போதும்.