மேய்ச்சல் நிலத்தில் ஒரு பல்கலைக் கழகம்
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



பல்கலைக் கழகத்தைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். நாமோ வாழ்நாள் முழுதும் பள்ளிக்கூடத்திலேயே காலங்கழித்தவர்கள். ஆயினும் மறுக்கவில்லை. மாடு மேய்த்த நம் பிள்ளைகளுக்கும் காரைக்குடியில் எழுந்த பல்கலைக் கழகத்திற்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பதைச் சொல்ல ஒரு வாய்ப்பாக இதனைக் கருதினோம்.

காரைச் செடி மண்டிக் கிடந்ததால் காரைக்குடி என்று பெயர் வந்ததாகக் கூறுவர். செம்மண் பொட்டல், கண்மாய்க் கரை, ஆடு மாடுகள் மேயும் தரிசு, இவையே நம் சுற்று வட்டாரத்தின் பழைய தோற்றம். செட்டிநாடு என்றவுடன் வெளியூரார் வானளாவிய மாளிகைகளையே எண்ணுகின்றனர். அம்மாளிகைகளுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டிலும், அக்கொட்டிலைக் கூட்டிப் பெருக்கிய கைகளும் இருந்தன என்பதை எவரும் படம் எடுத்துக் காட்டுவதில்லை.

நம் இளைஞர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கம் செலுத்தியோர் 1930 டிசம்பரில் நம் மக்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது, முழங்காலுக்குக் கீழே ஆடை இறங்கலாகாது, பெண்கள் மேலாடை அணியலாகாது என்றெல்லாம் அவை நீண்டன. மீறியோரின் குடிசைகள் தீக்கிரையாயின. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் தடைகள் பதினொன்றாயின. அவற்றுள் ஒன்று, நம் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கலாகாது என்பது. அதனை அடுத்து வந்த தடை, அப்பிள்ளைகள் மிராசுதார்களின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும் என்பது. 1931ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆங்கிலேய அதிகாரி ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கின்றார். இந்த இரண்டு தடைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்பட்டதைக் கவனியுங்கள். மேய்த்தல் ஒரு தொழில். அதனை ஒருவன் விரும்பிச் செய்தால் அதில் இழிவேதுமில்லை. படிப்புக்குப் பூட்டாக அதனை ஆக்கியதில்தான் வஞ்சகம் இருந்தது.

அந்நாளிலும் அந்தப் பூட்டை உடைக்க முயன்றோர் இல்லாமலில்லை. சிராவயலில் ஆசிரமம் அமைத்திருந்த ஜீவா, ஆதிதிராவிடப் பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டு எழுத்தறிவித்தார். 1927இல் காந்தியடிகள் அங்கே வந்து அவரைக் கண்டார். சிராவயல் நமக்குப் பேருந்தில் சிறிது நேரப் பயணந்தான். ஆயினும் மஞ்சுவிரட்டுக்கு அவ்வூரை அறிந்த அளவு, இதற்காக அறிந்தோர் நம்மில் சிலரே.

பின்னர் வந்தவர் கோட்டையூர் வள்ளல் அழகப்பர். 1947இல் சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார், செல்வர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்டதும், அந்த இடத்திலேயே ஒரு லட்சம் ரூபாய் தருவதாக அவர் அறிவித்தது செட்டிநாட்டில் பலரும் அறிந்த செய்தி. அவ்வாண்டே கல்லூரி தொடங்கிற்று. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்திற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் பண்டித நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். அழகப்பர் 1957இல், நாற்பத்தெட்டு வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னர் மறைந்தார். அவர் விதைத்த கல்வி நிலையங்களின் மேல்தான் 1985இல் தமிழக அரசு அழகப்பா பல்கலைக் கழகத்தை நிறுவியது. நம் மாவட்டம் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனியானதும் அதே ஆண்டில்தான். நாம் அப்போது பள்ளி மாணவர். விடுமுறை நாளில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகையில் அவ்வழியே பார்த்ததுண்டு. உள்ளே போகலாம் என்று நமக்கு எவரும் சொல்லவில்லை. போகக் கூடாது என்றும் எவரும் சொல்லவில்லை. தடை இல்லாதிருப்பது வேறு, அழைப்பு இருப்பது வேறு என்று அன்று விளங்கவில்லை.

அழைப்பை உண்டாக்கியவர் அண்ணல் அம்பேத்கர். வைசிராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், நம் மாணவர்கள் உயர்கல்வி பெற உதவித் தொகைத் திட்டத்திற்கு வழி செய்தார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950இல் ஔரங்காபாத்தில் பின்னர் மிலிந்த் எனப் பெயர் பெற்ற கல்லூரியையும் தொடங்கினார். ஔரங்காபாத் அன்று வறண்ட, பின்தங்கிய பகுதி. பம்பாயோடு நின்றுவிடாமல் அங்கே சென்று கல்லூரி வைத்தார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம்.

கல்வி நிலையம் வந்துவிட்டால் அமைதி தானே வந்துவிடும் என்று சிலர் மேடைகளில் பேசுகின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. அதே ஔரங்காபாத்தில் இருந்த மராத்வாடா பல்கலைக் கழகத்திற்கு அண்ணலின் பெயரைச் சூட்ட வேண்டும் என்று 1978இல் மராட்டியச் சட்டமன்றம் தீர்மானித்தது. உடனே கலவரம் வெடித்தது. நம் மக்களின் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின. 1994 ஜனவரி 14ஆம் நாள்தான் அப்பெயர் நிலைபெற்றது. ஒரு பெயர்ப் பலகைக்குப் பதினாறு ஆண்டுகள்! ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் வடகிழக்கே, ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் மக்கள் வாழும் கரிசா நகரில் அரசு ஒரு பல்கலைக் கழகக் கல்லூரியை வைத்தது. 2015 ஏப்ரல் 2ஆம் நாள் தீவிரவாதிகள் புகுந்து 148 பேரைக் கொன்றனர். மறு ஆண்டு ஜனவரியில் அது மீண்டும் திறக்கப்பட்டது. திறந்தார்களே, அதுவே நமக்குப் பெரிதாகப்படுகின்றது.

தொலைவு போவானேன்? தேவகோட்டையை அடுத்த கண்டதேவியில் நம் மக்கள் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காக எத்தனை ஆண்டுகள் வழக்காடினோம்! பல்லாண்டுகள் ஓடாதிருந்த தேர் 2024 ஜூனில்தான் ஓடிற்று, அதுவும் பெரும் போலீஸ் காவலோடு. பல்கலைக் கழகம் கண்டு நாற்பதாண்டுகள் நெருங்கிய பின்னும் இதுவே நிலை. எனினும், அவ்வழக்கைப் படித்துப் புரிந்து கொள்ளவும், மனு எழுதவும், கைகலப்பின்றி நீதிமன்றப் படியேறவும் நம்மில் படித்தவர்கள் இருந்தார்கள் அல்லவா? கல்வி தரக்கூடிய அமைதி இவ்வளவே. இது குறைந்த அளவன்று.

இனி நம் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியப் பணியேற்ற மூன்றாம் ஆண்டு. ஒன்பதாம் வகுப்பில் நம் தெருப் பையன் ஒருவன் வாரக் கணக்கில் வராமலிருந்து ஒரு நாள் வந்தான். “நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு” என்று வகுப்பறையில் வைத்துச் சொன்னோம். நாம் படித்த பள்ளியில் நம்மைச் சொன்ன சொல்லே அது; அதனை அப்படியே அவனிடம் இறக்கி வைத்தோம். 1931இல் விதித்த தடையை, நம்மவரில் ஒருவராகிய நாமே நம் வாயால் ஓதியிருக்கின்றோம் என்று அப்போது தோன்றவில்லை. வீட்டுக் கடனுக்காக அவனைக் கிடைக்காரர் ஒருவரிடம் வருடச் சம்பளத்துக்கு விட்டுவிட்டார்கள். அறுவடை முடிந்த தை, மாசியில் நம் பக்கத்து ஆட்டுக் கிடைகள் தஞ்சை வயல்களுக்குச் செல்வது வழக்கம். அவனும் சென்றான். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆயினும் ஆட்டுக் கிடைகளிலிருந்து சிறுவர்களை அதிகாரிகள் மீட்ட செய்திகளை அதன்பின்னும் எத்தனையோ முறை நாளிதழில் படித்தாயிற்று.

பல ஆண்டுகள் கழித்துச் சாலையோரக் கிடையில் அவனைக் கண்டோம். நலம் விசாரித்துவிட்டு, “நீங்க சொன்னபடிதான் சார் ஆச்சு” என்று சிரித்தான். அச்சிரிப்பில் கோபம் இல்லாதிருந்ததே நம்மை அதிகம் வருத்திற்று. இருநூறு செம்மறிகளில் ஒவ்வொன்றையும் முகம் பார்த்து அடையாளம் சொன்னான். எந்த ஆட்டுக்குக் கழிச்சல் வரப்போகிறது என்பதை அது நடக்கும் நடையிலேயே அறிந்தான். இவ்வறிவுக்குச் சான்றிதழ் வழங்கும் பல்கலைக் கழகம் எங்கே இருக்கிறது?

இருக்கின்றது, இளைஞர்களே. கால்நடை மருத்துவ அறிவியலுக்கென்றே 1989இல் தமிழகத்தில் பல்கலைக் கழகம் தோன்றியது. அதன் கல்லூரி ஒன்று நமக்கு அருகே ஒரத்தநாட்டில் உள்ளது. ஐந்தரை ஆண்டுப் படிப்பு. மேல்நிலைத் தேர்வு மதிப்பெண்ணைக் கொண்டே இடம் தருகின்றார்கள். அருந்ததியர் உள்ஒதுக்கீடு உட்பட நமக்குப் பதினெட்டு விழுக்காடு இடங்கள் உண்டு. ஆட்டையும் மாட்டையும் நம்மைவிட நெருங்கிப் பழகியவர் யார்? இருந்தும் நம் தெருவிலிருந்து ஒருவர்கூட இன்னும் கால்நடை மருத்துவராகவில்லை.

அந்தப் பையனின் மகள் இன்று நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பயில்கின்றாள். நன்றாகப் படிப்பவள். கால்நடை மருத்துவம் படிக்க விருப்பம். கல்விக் கட்டணத்திற்கு அரசின் உதவித் தொகை உண்டு. அரசுப் பள்ளியில் பயின்ற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் திட்டமும் 2022 முதல் உண்டு. ஆனால் உதவித் தொகை கைக்கு வருமுன் சேர்க்கைக்கும், விடுதிக்கும், பயணத்திற்கும் உடனடியாகப் பணம் வேண்டும். அந்த இரண்டு மூன்று மாத இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் பலர் வழுக்கி விழுகின்றனர். நம் கண்ணெதிரே விழுந்தவர்களை எண்ணிச் சொன்னால் இவ்விழா துக்க வீடாகிவிடும்.

வெள்ளி விழா நிதியைக் கொண்டு சங்கக் கட்டடத்திற்குத் தோரண வாயில் அமைக்கலாம் என்று செயற்குழுவில் ஒரு கருத்து இருப்பதை அறிவோம். நன்கொடையாளர் பெயர்களைக் கல்லில் பொறிக்கும் ஆசை இயல்பானதே. அதனைக் குறை கூறவில்லை. ஆயினும் இவ்வாண்டு வாயில் வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக் கொள்கின்றோம். அந்நிதியை, உதவித் தொகை வரும்வரை மாணவர்கட்குக் கைமாற்றாகக் கொடுத்து, வந்தபின் திரும்பப் பெறும் சுழல் நிதியாக வைப்போம். நாம் அழகப்பர் அல்லர், லட்சம் தர இயலாது. நம் ஒரு மாத ஊதியத்தை இம்மேடையிலேயே பொருளாளர் அவர்களிடம் ஒப்படைக்கின்றோம். இளைஞர்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை தெருத் தெருவாகச் சென்று, பன்னிரண்டாம் வகுப்பு எழுதும் பிள்ளைகளின் பெயர்களையும், இடையில் நின்று கிடைக்கும் கடைக்கும் போனவர்களின் பெயர்களையும் தனித்தனி ஏடுகளில் எழுதி, மாத இறுதிக்குள் செயலாளரிடம் கொடுங்கள். முதல் ஏட்டில் முதற் பெயரை நாமே எழுதித் தந்துவிட்டோம்.